சேர்த்து வைத்த பிறகும் போகாத பயம்

சேரன்மகாதேவிப் பக்கத்தில் பிறந்து சென்னையில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பி இங்கே பொதுவில் கேட்டிருக்கிறார். வீட்டுக் கடன் முக்கால்வாசி அடைந்துவிட்டது. நகை இருக்கிறது, வங்கியில் வைப்பு இருக்கிறது, மாதாமாதம் பரஸ்பர நிதியில் எஸ்.ஐ.பி. தவணை போகிறது. ஆனாலும் அலுவலகத்தில் ஆட்குறைப்பு தொடங்கியதிலிருந்து நடுராத்திரி எழுந்து கைபேசியில் இருப்பைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. அப்பாவுக்குப் பத்து மரக்கால் விதைப்பாடு வயலை, அதாவது பத்து மரக்கால் விதை நெல் விதைக்கும் அளவு வயலை, தவிர ஒன்றும் கிடையாது, ஆனால் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தால் உடனே குறட்டைதான். அந்த நிம்மதி எனக்கு எப்படி வரும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடவா என்று முடித்திருக்கிறார்.

தம்பி, இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு பணம் இருந்தால் போதும் என்பது ஒன்று. பணம் தராத உறுதி மனசுக்கு எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது. அந்த உறுதி வேண்டுமென்றால் பணத்தை விட்டாக வேண்டுமா என்பது மூன்றாவது. நீங்கள் கேட்க வந்தது நடுவில் இருப்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் தொடாமல் அதற்கு மட்டும் பதில் சொன்னால் உங்கள் ராத்திரிக்கு அது உதவாது.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்துச் செயலாளராக ஓய்வு பெற்றவன். பகலில் நகைக்கடனும் பயிர்க்கடனும், சாயங்காலம் ஓர் ஓதுவாரிடம் திருமுறை என்ற சைவப் பாடல்களின் பாடமும் என்று வாழ்க்கை போயிற்று. பிறகு சைவ சித்தாந்தத்தை வகுப்பில் முறையாகப் படித்தேன். இப்போது பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குப் பாடம் சொல்கிறேன். ஆகவே பணத்தைப் பற்றி நான் சொல்வது கவுண்டரில் பார்த்தது. உயிரைப் பற்றிச் சொல்வது சைவம் என்ற ஒரு மரபில் படித்தது. நம் சீமையில் நவதிருப்பதிப் பெருமாள்களை நம்பி வாழ்பவர்களும், பாளையங்கோட்டைச் சர்ச்சுகளில் மண்டியிடுபவர்களும், பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களும் இதே பயத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சார்பில் பேச எனக்குப் படிப்பு இல்லை. நான் மருத்துவனும் இல்லை. அது தேவைப்படும் இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அப்பாவின் தூக்கம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் முன்னால் எங்கள் சங்க வாசலில் கூட்டம் நிற்கும். காதில் கிடந்த கம்மலைக் கழற்றித் தராசில் வைக்கும்போது அந்த அம்மாக்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். தவணை தப்பிய விவசாயிகள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ராத்திரி கண்ணை மூட முடியவில்லை என்று மெல்லச் சொல்வார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று உங்களைப் போல வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். எங்கள் அப்பா நிம்மதியாகத் தூங்கினார் என்று அவர்களும் சொல்கிறார்கள். பிள்ளைகள் கண்டது திண்ணையும் குறட்டையும்தான். விழித்துக் கிடந்த இரவுகளை எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் சொல்வதில்லை. உங்கள் அப்பா நிஜமாகவே நன்றாகத் தூங்கியவராக இருக்கலாம். ஆனால் இல்லாமையால்தான் அந்தத் தூக்கம் வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இல்லாமை மனசை அரிக்கும் என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு போடும் 464 விவசாயிகளிடம் நடந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசு வறண்ட சமயத்திலும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே ஆட்களைச் சோதித்தார்கள். காசில்லாத சமயத்தில் யோசிக்கும் திறன் கண்கூடாகக் குறைந்திருந்தது. எவ்வளவு குறைந்தது என்பதில் பின்னால் வாதங்கள் எழுந்திருக்கின்றன. குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை நான் முகம் முகமாகப் பார்த்திருக்கிறேன். பொருளில்லாதவர்க்கு இந்த உலகம் இல்லை, அருளில்லாதவர்க்கு அந்த உலகம் இல்லை என்று வள்ளுவர் ஒரே குறளில் இரண்டையும் வைத்தார். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதனால் நீங்கள் சேர்த்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி பணத்தால் முடியாதது. அதே கவுண்டருக்கு வைப்புத்தொகை போடுகிறவர்களும் வருவார்கள். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டே, "சங்கம் முங்கிராதுல்லா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வங்கிகளில் போடும் பணத்துக்கு 1993 முதல் ஒரு லட்சம் வரை காப்பீடு இருந்தது. 2020 பிப்ரவரியில் அது ஐந்து லட்சமாயிற்று. எங்களைப் போன்ற தொடக்கச் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. இதை விளக்கிச் சொன்னால் வங்கிக்கு மாற்றிக்கொள்வார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது, "அஞ்சுக்கு மேல இருக்கதுக்கு என்ன செய்ய?" என்பார்கள். தொகை ஏறினால் பயம் இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பலருக்கு இரண்டும் சேர்ந்தே ஏறியதைப் பார்த்தேன். எல்லோருக்கும் அப்படி ஆனது என்று சொல்ல மாட்டேன். நல்ல தொகை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு. அந்த நிம்மதிக்குக் காரணம் தொகைதான் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. நம் பக்கத்துத் திருக்கோளூர்த் தலபுராணம், நிதிகளுக்கே அதிபதியான குபேரன் அவற்றை இழந்து அங்கே வந்து பெருமாளிடம் நின்றதாகச் சொல்கிறது. அவனுக்கே அந்த நிலை என்றால் நமக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் பயத்தைப் பிரித்துப் பாருங்கள். வேலை போனால் எத்தனை மாசம் குடும்பம் ஓடும் என்பது ஒரு கேள்வி. அதற்கு எண்ணாலேயே பதில் உண்டு, ஒரு தாளில் கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். வேலை போய்விட்டால் நான் யார், மகள் என்னை எப்படிப் பார்ப்பாள், எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன என்பவை வேறு கேள்விகள். இவற்றுக்கு எந்த எண்ணும் பதில் ஆகாது. நடுராத்திரி நீங்கள் கைபேசியில் பார்ப்பது முதல் கேள்விக்கான பதிலை. உங்களை எழுப்பிவிட்டது இரண்டாவது வகைக் கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு ராத்திரியும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

சித்தாந்தம் இந்த இடத்தில் சொல்வது எனக்கு வாழ்க்கை முழுதும் உதவியது. உயிர் தனித்து நிற்காது, எதையாவது சார்ந்துதான் இருக்கும், எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. யாரையும் எதையும் நம்பாமல் உன்னையே நம்பி நில் என்று இன்று பலர் பேசுகிறார்கள். சித்தாந்தம் அதை ஏற்காது, அப்படி நிற்பது உயிரின் இயல்பிலேயே இல்லை என்று சொல்லும். ஏறி இறங்குகிற ஒன்றைச் சார்ந்தால் உயிரும் அதோடு ஏறி இறங்கும். சந்தை விழுந்த அன்று உங்கள் வயிறு கலங்குவது கோழைத்தனமும் இல்லை, பேராசையும் இல்லை. சார்ந்திருப்பது ஆடினால் சார்ந்தவனும் ஆடத்தான் செய்வான். அப்படியானால் செய்ய வேண்டியது சார்பை மாற்றுவது. ஏறாமலும் இறங்காமலும் இருக்கிற ஒன்று உண்டு, அது உயிரை ஒருபோதும் விட்டுப் பிரிந்ததில்லை, உயிர்தான் வேறு பக்கம் திரும்பி நிற்கிறது என்பது சைவத்தின் நம்பிக்கை. அதைச் சிவம் என்கிறோம். இது நிரூபணத்துக்கு உட்பட்ட விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் நம்புகிறேன், நம்பி வாழ்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவே.

பணம் இந்தப் படத்தில் எங்கே வருகிறது? உடம்பு, மனம் முதலிய கருவிகள், உலகம், அனுபவிக்கும் பொருள்கள் என்ற நான்கும், உலகத்துக்கு மூலப்பொருள் என்று சித்தாந்தம் சொல்லும் மாயையிலிருந்து உயிருக்குக் கொடுக்கப்பட்டவை. தனு, கரணம், புவனம், போகம் என்று பெயர். உங்கள் வங்கிக் கணக்கு கடைசி வகையில் சேரும். 14-ஆம் நூற்றாண்டில் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் இந்த மாயையை 'விடிவாம் அளவும் விளக்கனைய மாயை' என்று பாடினார். மாயையை விட்டு ஓடு என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் இந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இருட்டில் இருக்கிறவனுக்கு விளக்கு வேண்டும், எண்ணெய் ஊற்றத்தான் வேண்டும், விடியும் முன்னால் ஊதி அணைப்பது புத்தியில்லை. ஆனால் அதையே சூரியன் என்று நம்பிவிட்டவனுக்கு எண்ணெய் குறையும் ஒவ்வொரு தடவையும் உலகமே அணைவது மாதிரி இருக்கும். ராத்திரி உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பணத்தை விட்டாக வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரியபுராணத்தில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் படியுங்கள். திருப்புகலூரில் அப்பர் உழவாரத்தால் புல் செதுக்குகிற இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. அவர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்தார். பிரசங்கங்களில் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே அப்பர் அதற்கு முன்னால் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, கோயில் பீடத்தில் தினமும் கிடைத்த பொற்காசைக் கையில் எடுத்து, கடையில் மாற்றி, அடியார்களுக்குச் சோறு போட்டார். கூட இருந்த சம்பந்தருக்கும் ஒரு காசு கிடைத்தது. அது மாற்றுக் குறைந்த காசு. கடைக்காரர்கள் வட்டம், அதாவது கழிவு, கேட்டதால் பண்டம் வாங்க நேரமாகி, அவர் மடத்தில் பந்தி தாமதமாயிற்று. உடனே அவர் இறைவனிடம் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். கழிவு இல்லாத நல்ல காசாகக் கொடுங்கள் என்று பொருள். கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து இந்தப் பதிகத்தைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. பசித்தவனுக்கு நேரத்துக்குச் சோறு போக வேண்டும் என்பதற்காகக் காசின் மாற்றைப் பற்றிச் சாமியிடமே பேசுகிற மரபு இது. பொன் தேவைப்பட்ட இடத்தில் அப்பர் வாங்கினார், தேவையில்லாத இடத்தில் எறிந்தார். இரண்டு இடத்திலும் அவருடைய சார்பு ஒன்றேதான்.

இன்னொன்று, நம் ஊரில் நம் கண் முன்னால் நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் கடைத்தெரு தண்ணீரில் மூழ்கி வியாபாரிகளின் சரக்கெல்லாம் போயிற்று. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, ஏ.டி.எம். இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்கு ஆக்கிப் போட்டார்கள். அந்த ரயிலில் உங்களைப் போலச் சம்பாதிக்கிறவர்களும் இருந்திருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் பர்ஸால் ஒரு டம்ளர் பால்கூட வாங்க முடிந்திருக்காது. இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா பணம் பயனற்றது என்று முடிப்பது தப்பு. வெள்ளம் வடிந்த பிறகு முதலில் எழுந்து நின்றவர்கள் கெட்டி வீடும் கையில் சேமிப்பும் இருந்தவர்கள்தான். குடிசைக்காரர்கள் எழுந்து நிற்கக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் நடுவில் அந்த இரண்டு மூன்று நாளைக்கு மனுஷனைத் தாங்கியது பக்கத்தில் இருந்த மனுஷன். உங்கள் சேமிப்புக் கணக்கில் இந்த ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

சார்பு எப்படி மாறும்? நான் கண்டவரையில் பழக்கத்தால்தான் மாறுகிறது. படித்து ஒப்புக்கொண்டால் மட்டும் மாறுவதில்லை. காலையில் குளித்து நீறு பூசி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள். ஒரு பதிகம் பாடுங்கள். எதைப் பாட என்று கேட்டால், சம்பந்தர் நம் நெல்லையப்பர்மேல் பாடிய 'மருந்தவை மந்திரம்' என்று தொடங்கும் மூன்றாம் திருமுறைப் பதிகத்தைச் சொல்வேன். முதல் பாட்டிலேயே இந்த ஊரில் கொன்றை பொன்னைச் சொரிகிறது, செருந்தி செம்பொன்னாகப் பூக்கிறது, நடுவில் இருப்பவரைத் திருநெல்வேலியில் உறையும் செல்வர் என்று பாடுகிறார். அருந்துயர் கெடும், அவர் நாமத்தை நினை என்று தன் நெஞ்சோடு பேசுகிறார். நல்ல நெஞ்சமே என்று கூப்பிடுகிறார், அதை விரட்டவில்லை. பயந்திருக்கும் மனசிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை நான் அங்கேதான் படித்தேன். ராத்திரி விழிப்பு வந்தால், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், எழுந்து உட்கார்ந்து அந்த முதல் பாட்டை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். தூக்கம் உடனே வராமல் போகலாம். இருப்பைப் பார்க்கும் பழக்கம் இருந்த இடத்தில் வேறொன்று உட்காரும், முதலில் அது போதும்.

அடுத்தது கொடுப்பது. திருமூலர் எல்லோராலும் முடியும் என்று நான்கு சொன்னார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல். பெரிய தொகையை நன்கொடை எழுதிக் கல்வெட்டில் பெயர் பார்ப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. சின்னதாக, நிறுத்தாமல், யாருக்கும் சொல்லாமல் கொடுங்கள். பிடித்துக்கொள்ளும் பழக்கம் கையில் இருக்கிறது, அதனால் விடுகிற பழக்கமும் கை வழியாக வர வேண்டும். பெரிய பயக்காரர்களாக எங்களிடம் வந்த சிலர் இதைச் செய்யத் தொடங்கி மாறியதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் நன்றாக வாதம் செய்தவர்கள் அந்த அளவு மாறியதில்லை.

மூன்றாவது கூட்டம். சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம் அன்பரோடு கலந்திருப்பதையும் ஆலயத்தையும்தான் வைக்கிறது. அவ்வளவு ஆழமான தத்துவ நூல் முடிகிற இடம் அது. சென்னையில் திருவாசக முற்றோதல் நடத்தும் குழுக்கள் உண்டு, ஒன்றில் போய் உட்காருங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

சந்தேகமானதையும் சொல்லிவிடுகிறேன். பதிகம் பாடினால் வேலை போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வறுமை தீரவென்றே மரபில் ஓதப்படும் பதிகங்கள் உண்டு, ஓதுகிறவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் பணம் வரும் என்று உறுதி கொடுக்கவும் மாட்டேன். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு குபேர பூஜை செய்து தருகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம். அவர்கள் விற்பது உங்கள் பழைய பயத்தையேதான். பக்தர்களுக்குப் பயமே வராது என்பதும் உண்மையில்லை. திருமுறை நெட்டுருவாகத் தெரிந்தவர்கள் மகனுக்கு வேலை போனதும் நிலைகுலைந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் மீண்டு வருவது சீக்கிரமாக இருக்கிறது என்பது என் கணிப்பு. அதுவும் இறைவன் அருளாலா, தினசரி ஒழுங்காலா, கூடியிருக்கும் மனிதர்களாலா என்று கேட்டால் நான் அருள் என்பேன், வேறொருவர் வேறு சொல்லலாம். எத்தனை நாளில் உங்களுக்கு மாறும் என்பதற்கும் என்னிடம் கணக்கு இல்லை.

ஊருக்கு வருவதைப் பற்றி. பத்து மரக்கால் விதைப்பாட்டில் கார், பிசானம் இரண்டு போகமும் விளைந்தால்கூட உங்கள் இ.எம்.ஐ. கட்டி வராது, இதைக் கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்ட ஆளாகச் சொல்கிறேன். பயத்தால் வருவதென்றால் அந்தப் பயம் நெல்லை எக்ஸ்பிரஸில் உங்களோடேயே ஏறி வரும். அம்மாவுக்காக, நிலத்துக்காக, இந்த மண்ணில் இருக்க ஆசைப்பட்டு வருவதென்றால் அது வேறு, அதை மனைவியோடு பகலில் உட்கார்ந்து எண்களை வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். மாசச் செலவு, கடன் பாக்கி, உடனே எடுக்கக்கூடிய பணம், மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு, ஒவ்வொரு கணக்கிலும் வாரிசு நியமனம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். இருப்பைப் பார்க்க மாசத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கும் பதிகத்துக்கும் சண்டை கிடையாது. பதிகத்தை எப்படிப் பாடுவது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நெல்லையப்பர் கோயிலில் ஓதுவாரைப் பார்த்துக் கேளுங்கள். பொருளில் ஐயம் வந்தால் இங்கேயே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.